முறைத்த கண்களுக்குப் பின்னால்... அமெரிக்காவை நடுங்கவைத்த பேஸ்பால் பிட்சர்கள்!

சின்ன வயதில் உங்களுக்கும் இது நடந்திருக்கும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு வாத்தியார். வராந்தாவில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்பு மொத்தமும் கப்சிப். சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போகிறீர்கள். அதே வாத்தியார் அங்கே நிற்கிறார். கையில் மஞ்சப்பை. கத்திரிக்காய் விற்கும் அம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அவருடைய சின்ன மகள் ஐஸ் வேண்டும் என்று சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். அவரும் சிரிக்கிறார்!

'இவரா அவர்?' என்று நாம் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம்.

அமெரிக்காவில் பல தலைமுறை ரசிகர்களுக்கு இந்த அனுபவத்தைத் தந்தவர்கள் அந்தக் கால பேஸ்பால் பிட்சர்கள். மைதானத்தில் அவர்களைப் பார்த்து நடுங்கியவர்கள், உணவகத்திலும் குளியலறையிலும் பேருந்திலும் டி.வி தொடரிலும் அவர்களைச் சந்தித்தபோது குழம்பிப்போனார்கள். பயமுறுத்திய அந்த முகம் யாருடையது? வீட்டுக்குப் போன முகம் யாருடையது?

0.4 விநாடிக்குள் ஒரு முடிவு

பேஸ்பால் நமக்குக் கொஞ்சம் தூரத்து உறவு. அதனால் ஒரு சின்ன அறிமுகம்.

கிரிக்கெட்டில் பௌலர் என்றால் பேஸ்பாலில் பிட்சர். ஓடி வந்து வீசமாட்டார். மைதானத்தின் நடுவே சின்ன மண்மேடு ஒன்று இருக்கும். அதன் மேல் நின்றபடி வீசுவார். பந்து தரையில் குத்தி எழும்பாது. நேராக பேட்ஸ்மேனை நோக்கி வரும். இடையில் இருக்கும் தூரம் 18.44 மீட்டர். பந்தின் எடை ஏறக்குறைய 145 கிராம். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், கையிலிருந்து புறப்பட்ட பந்து பேட்ஸ்மேனை வந்து சேர சுமார் 0.4 விநாடி. இரண்டு முறை கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. அதற்குள் அடிப்பதா, விடுவதா, குனிவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

பேட்ஸ்மேன் 'ஹோம் பிளேட்' என்ற வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் நிற்பார். அதை நெருங்கி நின்றால் வெளியே போகும் பந்தையும் எட்டி அடிக்கலாம். அப்படி நெருங்கி நிற்பவரை விலக்க, பழைய பிட்சர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மார்புக்கோ தாடைக்கோ பக்கத்தில் ஒரு பந்து. பேட்ஸ்மேன் அலறியடித்துத் தரையில் விழுவார். அடுத்த பந்துக்கு அரை அடி தள்ளி நிற்பார். அந்த அரை அடிதான் பிட்சரின் சம்பளம், குடும்பம், எதிர்காலம் எல்லாம்!

நம் ஊர் பாஷையில் சொன்னால் பவுன்ஸர் மாதிரி. ஆனால், ஹெல்மெட் இல்லாத காலத்துப் பவுன்ஸர். அமெரிக்காவின் பெரிய லீக் ஆட்டங்களில் ஹெல்மெட் கட்டாயம் என்ற விதி 1971-ல்தான் வந்தது. அப்போதும், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள்.

முகச்சவரம் செய்யும் 'பார்பர்'

1950-களில் சால் மேக்லி என்றொரு பிட்சர். அவருடைய பட்டப்பெயர் 'தி பார்பர்'. பேட்ஸ்மேனின் கன்னத்தை உரசுவதுபோலப் பந்து வீசி 'ஷேவ்' செய்துவிடுவாராம். சவரம் செய்யாத தாடியோடும் கடுகடுத்த முகத்தோடும் அவர் மேட்டில் நின்றாலே எதிரணிக்குப் பாதி உயிர் போய்விடும்.

1956-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்தார் மேக்லி. அந்த அணியில் இருந்த ஓர் இளைஞன் அவரிடம் தொழிலைக் கற்றுக்கொண்டான். பெயர், டான் டிரைஸ்டேல். ஏறக்குறைய ஆறரை அடி உயரம். பக்கவாட்டிலிருந்து சாட்டையைச் சுழற்றுவதுபோல வீசுவார். தன் ஆட்ட வாழ்க்கையில் அவர் பந்தால் அடித்த பேட்ஸ்மேன்கள் 154 பேர். 1968-ல் தொடர்ந்து 58 இன்னிங்ஸுக்கும் மேல் எதிரணிக்கு ஒரு ரன்கூடத் தராமல் வீசியவர். ஒன்பது இன்னிங்ஸ் சேர்ந்தால் ஓர் ஆட்டம். ஆறு முழு ஆட்டங்களுக்கும் மேல் யாரும் அவரைத் தொட முடியவில்லை!

இப்படிப்பட்டவரை அமெரிக்கக் குடும்பங்கள் எங்கே சந்தித்தன தெரியுமா? தங்கள் வீட்டு வரவேற்பறையில். டி.வி பெட்டிக்குள்!

'லீவ் இட் டு பீவர்' என்பது அந்தக் காலத்தில் வீடே உட்கார்ந்து பார்த்த தொடர். 1962-ல் வந்த ஓர் அத்தியாயத்தில், பீவர் என்ற சிறுவன் தன் நண்பர்களோடு சேர்ந்து டிரைஸ்டேலுக்கே டிரங்க் கால் போட்டுவிடுகிறான். லைனில் வருபவர் நிஜ டிரைஸ்டேல். எரிந்து விழாமல் பையன்களோடு பொறுமையாகப் பேசுகிறார். போன் பில்லை நினைத்துப் பையன்கள் நடுங்குவதுதான் மீதிக் கதை. 1970-ல் 'தி பிராடி பஞ்ச்' தொடரில் மறுபடியும் அவராகவே வந்தார். வீடு கட்ட ஆர்க்கிடெக்டைத் தேடி வரும் வாடிக்கையாளர். அந்த வீட்டுப் பையன் பந்து வீசுவதைப் பார்த்து நல்ல வார்த்தை சொல்ல, பையனுக்குத் தலைகால் புரியாமல் போகிறது.

மேட்டின் மேல் நின்றால் தாடையைக் குறிபார்ப்பவர், கீழே இறங்கினால் அடுத்த வீட்டு மாமா. பின்னாளில் அவர் வானொலி, டி.வி வர்ணனையாளர் ஆனார். 1993 ஜூலையில், வர்ணனைக்காகப் போன மான்ட்ரியல் நகரத்தின் ஹோட்டல் அறையில் மாரடைப்பால் இறந்தார். வயது 56.

அவருடைய உடைமைகளில் ஒரு கேசட் இருந்தது. 1968 ஜூனில், கலிஃபோர்னியா தேர்தல் வெற்றி உரையில் ராபர்ட் கென்னடி பேசிய பேச்சு அதில் பதிவாகியிருந்தது. டிரைஸ்டேல் அன்றிரவு ரன்னே தராமல் ஆறாவது ஆட்டத்தைத் தொடர்ச்சியாக முடித்ததைச் சொல்லி, அந்த உரையில் கென்னடி பாராட்டினார். சில நிமிடங்களில் அதே கட்டடத்தில் சுடப்பட்டார். அந்தக் குரலை 25 ஆண்டுகள் கழித்தும் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார், 154 பேரைப் பந்தால் அடித்த அந்த மனிதர்.

சோடாபுட்டிக் கண்ணாடியும் முதல் பந்தும்

ரைன் டியூரனின் கதை இன்னும் வேடிக்கையானது. 1950-களின் கடைசியில் நியூயார்க் யாங்கீஸ் அணியில் இருந்தவர். பந்து மின்னல் வேகம். கண் பார்வையோ படுமோசம். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் மேட்டில் ஏறுவார். ஏறியதும் வார்ம்அப்புக்காக வீசும் முதல் பந்தை கேட்சரின் தலைக்கு மேலே விட்டெறிவார். அது பின்னால் இருக்கும் தடுப்பில் போய் 'டமார்' என்று மோதும். 'இந்த ஆளுக்குக் கண் தெரியவில்லை, கையும் நிற்கவில்லை' என்று பேட்ஸ்மேன் நினைப்பார். அவ்வளவுதான். டியூரனுக்கு வேண்டியது அதுதானே!

அந்த நாடகத்துக்குப் பின்னால் ஒரு துயரம் இருந்தது. டியூரன் குடிநோயாளி. ஆட்டமும் குடும்பமும் அதில் கரைந்தன. ஆனால், கதை அங்கே முடியவில்லை. ஆட்டத்தை விட்ட பிறகு குடியையும் விட்டார். தன் சொந்த மாநிலமான விஸ்கான்சினில், குடிப்பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்களுக்கு உதவும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தார். அங்கே அவரைச் சந்தித்தவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், அவர்கள் விழுந்த அதே குழியில் விழுந்து எழுந்து வந்த ஒரு மனிதர்.

கிப்சன் ஏன் முறைத்தார்?

'பயம்' என்ற சொல்லுக்கு பேஸ்பாலில் ஒரு முகம் கேட்டால், பெரும்பாலானவர்கள் சொல்லும் பெயர் பாப் கிப்சன். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 1959 முதல் 1975 வரை 17 சீசன்கள் ஆடியவர். குனிந்து, கேட்சரின் விரல் சிக்னலை அவர் உற்றுப் பார்க்கும் விதம் இருக்கிறதே... அந்த முறைப்பைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஹாங்க் ஆரோன் போன்ற ஜாம்பவானே, தன் அணியின் இளம் வீரர்களுக்கு 'அவரைப் பார்த்துச் சிரிக்காதே, பேச்சுக் கொடுக்காதே' என்று பாடம் எடுத்ததாகச் சொல்வார்கள்.

அந்த முறைப்பின் ரகசியத்தை கிப்சனே பின்னாளில் உடைத்தார். அவருக்குக் கிட்டப்பார்வை. மைதானத்துக்கு வெளியே கண்ணாடி போடுவார். ஆடும்போது போடமாட்டார். 60 அடிக்கு அப்பால் கேட்சர் காட்டும் விரல்கள் சரியாகத் தெரியாது. அதனால் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். அமெரிக்காவே அதைக் கொலைவெறிப் பார்வை என்று நம்பியது!

எண்களைப் பார்த்தால் இன்னொரு ஆச்சர்யம். 17 சீசன்களில் அவர் பந்தால் அடித்த பேட்ஸ்மேன்கள் 102 பேர். சீசனுக்கு ஆறு பேர். டிரைஸ்டேலின் கணக்கோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆக, எல்லோரும் பயந்தது அவருடைய பந்துக்கு மட்டும் அல்ல, அவருடைய மௌனத்துக்கும்தான்.

அந்த மௌனம் எங்கிருந்து வந்தது?

1935-ல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரத்தில், ஏழு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர் கிப்சன். அவர் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். குழந்தைப் பருவம் முழுக்க நோய். எலும்பு பலவீனம், ஆஸ்துமா, நிமோனியா என்று ஒன்று மாற்றி ஒன்று. அப்பாவின் இடத்தில் நின்று வளர்த்தது மூத்த அண்ணன். அக்கம்பக்கத்துக் கறுப்பினப் பிள்ளைகளைத் திரட்டி அணி சேர்த்துப் பயிற்சி கொடுத்தவர் அவர். தம்பிக்கு மட்டும் பயிற்சி இரண்டு மடங்கு கடினம்.

கல்லூரி முடித்து, கார்டினல்ஸ் அணியின் முதல் பயிற்சி முகாமுக்காக ஃப்ளோரிடா போனார் கிப்சன். அணியினர் தங்கும் ஹோட்டலுக்குள் நம்பிக்கையோடு நுழைந்தவரை, வேறு வழியாக வெளியே கூட்டிப்போய் டாக்ஸியில் ஏற்றினார்கள். ஊரின் இன்னொரு மூலையில் கறுப்பின வீரர்களுக்கென்று தனி வீடு. அதே அணி. அதே சட்டை. படுக்க மட்டும் வேறு இடம்.

அப்படிப்பட்ட நாட்டில், கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் மேடையில் ஒரு கறுப்பின இளைஞன் நிற்கிறான். எல்லோரையும் சிரித்துச் சந்தோஷப்படுத்த வேண்டிய கடமை தனக்கு இல்லை என்று அவன் நினைத்தான். வேலையைச் செய்தான். வீட்டுக்குப் போனான். எதிரணிக்காரர்களோடு அரட்டை அடிக்கவில்லை. அவர்கள் அதைத் திமிர் என்றார்கள். அவன் அதைத் தன்மானம் என்று வைத்துக்கொண்டான்.

ஒரு வாய் ஆரஞ்சு ஜூஸ்

மைதானத்துக்கு வெளியே கிப்சனைச் சந்தித்தவர்களின் கதைகளில் இரண்டு கதைகள் முக்கியமானவை.

முதலாவது, டிம் மெக்கார்வரின் கதை. இனப் பாகுபாடு ஆழமாக வேரூன்றியிருந்த டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரத்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பையன். கிப்சனின் பந்தைப் பிடிக்கும் கேட்சர். ஒருநாள் அணியின் பேருந்தில் ஆரஞ்சு பானம் குடித்துக்கொண்டிருக்கிறார். கிப்சன் திரும்பிப் பார்த்து, ஒரு வாய் கேட்கிறார்.

பையனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கறுப்பினத்தவர் வாய் வைத்த பாட்டிலில் தான் குடிப்பதா? வளர்ந்த ஊர் அப்படி. பாட்டிலைப் பார்க்கிறார், கிப்சனைப் பார்க்கிறார். கடைசியில், கொஞ்சம் மீதி வைக்கிறேன் என்று முனகுகிறார்.

'எச்சில் படாமல் தூக்கிக் குடி' என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு, டீக்கடைகளில் தனி டம்ளர் வைத்திருந்த ஊர்களைப் பற்றிக் கேள்விப்பட்ட நமக்கு, இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

கிப்சன் சண்டை போடவில்லை, போதனையும் செய்யவில்லை. ஒரு கேள்வியில், அந்தப் பையன் தன் முகத்தைத் தானே பார்க்கும்படி செய்துவிட்டார். மேட்டின் மேல் பந்தால் செய்ததை, பேருந்தில் ஒரு வாய் ஜூஸால் செய்தார்! அந்தப் பையனும் நல்ல மாணவன். அந்த நிமிடத்தை மறைக்காமல், தன்னை மாற்றிய நிமிடம் அது என்று பிற்காலத்தில் ஊருக்கெல்லாம் சொன்னார் மெக்கார்வர். இருவரும் வாழ்நாள் நண்பர்கள் ஆனார்கள்.

இரண்டாவது, ஜோ டோரியின் கதை. 1965-ல் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டத்தில், வெவ்வேறு அணிகளின் சிறந்த வீரர்கள் ஒரே அணியாக ஆடினார்கள். கிப்சன் வீச, டோரி கேட்சர். ஆட்டம் முடிந்து குளியலறையில் கிப்சனைப் பார்த்த டோரி, இன்று பிரமாதமாக வீசினாய் என்று பாராட்டினார். கிப்சன் வாயே திறக்கவில்லை. உடையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு இவன் எதிரணி. இன்றைக்கு எதற்கு நட்பு?

நான்கு ஆண்டுகள் கழித்து, 1969-ல் டோரி கார்டினல்ஸ் அணிக்கே மாறி வந்தார். அப்போதுதான் உள்ளே இருந்த மனிதரைப் பார்த்தார். கிண்டல், கேலி, நேர்மை, விட்டுக்கொடுக்காத நட்பு! பின்னாளில் நியூயார்க் மெட்ஸ் அணிக்கு மேனேஜர் ஆன டோரி, கிப்சனைத் தன்னோடு அழைத்துக்கொண்டார். அவருக்கு அங்கே கொடுத்த பதவியின் பெயரே வேடிக்கையானது: 'ஆட்டிட்யூட் கோச்'. பந்து வீசுவது எப்படி என்பதைவிட, மேட்டில் எப்படி நிற்பது என்று சொல்லிக்கொடுக்கும் வேலை!

இந்தக் கதையை எதிர்த்திசையிலும் பார்க்கலாம். பில் வொய்ட் என்பவர் கிப்சனின் நெருங்கிய நண்பர். வெளியூர்ப் பயணங்களில் ஒரே அறையில் தங்கியவர். அவர் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். எதிரே பேட் பிடித்து, வெளியே போகும் பந்துக்குக் குனிந்து நீட்டியபோது, கிப்சனின் பந்து அவர் கையைப் பதம் பார்த்தது. நட்பு நட்புதான். அந்த அரை அடி மட்டும் கிப்சனுடையது! அதற்குப் பிறகும் இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள்.

1968-ல் கிப்சனின் சராசரி, ஓர் ஆட்டத்துக்கு 1.12 ரன். அந்த அக்டோபரில், உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் ஒரே நாளில் 17 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அந்தச் சாதனை இன்னும் உடையவில்லை. அந்த ஆண்டு அவரும் மற்ற பிட்சர்களும் பேட்ஸ்மேன்களை அடக்கிய அடக்கில், பிட்சர் நிற்கும் மண்மேட்டின் உயரத்தையே 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள்!

ஓய்வுக்குப் பிறகு அவர் போனது சொந்த ஊரான ஒமாஹாவுக்கு. தான் படித்த கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்துக்கு அருகில் 'கிப்பீஸ்' என்ற பெயரில் ஓர் உணவகம் நடத்தினார். பேஸ்பாலின் பயங்கரமான மனிதர் இப்போது கண்ணாடி போட்ட ஓட்டல் முதலாளி! சாப்பிட வந்த மாணவர்களில் எத்தனை பேருக்கு முதல் முறை தொண்டை அடைத்திருக்குமோ!

ஒரே ஒரு பந்து

இந்தக் கதைகளை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மை அல்ல. பயம் வெறும் விளையாட்டு அல்ல. அதற்கு ஒரு விலையும் உண்டு.

1920 ஆகஸ்ட் 16. நியூயார்க்கில் யாங்கீஸ் அணிக்கும் கிளீவ்லேண்ட் அணிக்கும் ஆட்டம். யாங்கீஸ் பிட்சர் கார்ல் மேஸ். கிட்டத்தட்டத் தரையை உரசுவதுபோலக் கீழிருந்து வீசுபவர், முசுடு என்று பெயர் எடுத்தவர். எதிரே ரே சாப்மன். எல்லோருக்கும் பிடித்த, கலகலப்பான 29 வயது இளைஞர். மேஸ் வீசிய பந்து சாப்மனின் தலையில் பட்டது. சாப்மன் அசைந்ததாகவே தெரியவில்லை என்றார்கள். அழுக்கேறிய பந்து கண்ணுக்குத் தெரிந்திருக்காது. பட்ட சத்தம் பேட்டில் பட்டதுபோலவே இருந்தது. திரும்பி உருண்டு வந்த பந்தை எடுத்து, அவுட் செய்ய முதல் பேஸுக்கு எறிந்தார் மேஸ். பிறகுதான் சாப்மன் சரிவதைப் பார்த்தார்.

மறுநாள் விடியற்காலையில் சாப்மன் இறந்தார். மனைவி அப்போது கர்ப்பிணி. பெரிய லீக் ஆட்டத்தில் பந்து பட்டு இறந்த ஒரே வீரர் அவர்தான்.

வேண்டுமென்று அடித்ததாக மேஸ் மீது வழக்கு எதுவும் நிற்கவில்லை. அடுத்த ஆண்டே 27 வெற்றிகள் குவித்தார். மொத்தம் 207 வெற்றிகள். ஆனால், அதற்குப் பிறகு அவரைச் சந்தித்தவர்களின் மனதில் ஓடியது அந்த ஒரு பந்துதான். அது தனக்கும் தெரியும் என்பதை முதுமையில் கசப்போடு சொன்னார். 1971-ல் மேஸ் இறந்தார். ஹெல்மெட் கட்டாயம் ஆனதும் அதே ஆண்டு!

நாம் இதை அறியாதவர்கள் அல்ல. 1962-ல் பார்படோஸ் மைதானத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து, நம் கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்தது. மேற்கிந்தியத் தீவுகள் கேப்டன் ஃபிராங்க் வொரெல் ஓடி வந்து ரத்தம் கொடுத்தார். கான்ட்ராக்டர் பிழைத்தார். கிரிஃபித்தின் பெயரைச் சொன்னால் மட்டும் இன்றும் பழைய ரசிகர்களுக்கு அந்தப் பந்துதான் நினைவுக்கு வரும்.

பயமுறுத்துவதை ஆயுதமாக எடுத்தவருக்கு, அதைக் கீழே வைக்கும் நிமிடம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். வைத்த பிறகும் ஊர் நம்ப வேண்டும். மேஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இடிந்த பாலத்தின் அடியில்

கடைசியாக ஒருவர். டேவ் ஸ்டீவர்ட். 1980-களில் ஓக்லண்ட் அணியின் தூண். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு, அதன் நிழலுக்குள்ளிருந்து பேட்ஸ்மேனைப் பார்க்கும் பார்வைக்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு. 1987 முதல் 1990 வரை ஒவ்வொரு சீசனிலும் 20 வெற்றிகளுக்குக் குறையாமல் குவித்தவர். அவரை முதல் முறை நேரில் சந்திப்பவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். அந்த ஆஜானுபாகுவான மனிதர் வாய் திறந்தால், மெல்லிய, கீச்சென்ற குரல்!

1989 அக்டோபர் 17. உலகத் தொடரில் ஓக்லண்டும், வளைகுடாவுக்கு அக்கரையில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவும் மோதின. மூன்றாவது ஆட்டம் தொடங்கவிருந்த நேரத்தில், மாலை 5.04 மணிக்கு பூமி குலுங்கியது. ஓக்லண்டில் சைப்ரஸ் மேம்பாலத்தின் மேல் தளம் அப்படியே கீழ்த் தளத்தின் மேல் உட்கார்ந்தது. அந்தப் பாலத்தில் மட்டும் 42 பேர் இறந்தார்கள்.

ஓக்லண்ட், ஸ்டீவர்ட் பிறந்து வளர்ந்த ஊர். ஆட்டம் பத்து நாள்கள் தள்ளிப்போனது. அந்த இரவுகளில் அவர் இடிந்த பாலத்துக்குப் போனார். தூங்காமல் வேலை செய்த மீட்புப் பணியாளர்களோடு நின்றார். அவர்களுக்குச் சாப்பிடக் குடிக்கக் கொண்டுபோனார். வீடிழந்தவர்களோடு பேசினார். அங்கே யாரும் அவருடைய முறைப்பைப் பார்க்கவில்லை. நம்ம ஊர்ப் பையன் வந்திருக்கிறான் என்றுதான் பார்த்தார்கள்.

27-ம் தேதி ஆட்டம் மறுபடி தொடங்கியது. மேட்டில் ஏறியவர் ஸ்டீவர்ட். தொப்பி புருவத்துக்கு இறங்கியது. அந்தப் பார்வை திரும்ப வந்தது. ஜெயித்தார். தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அடுத்த ஆண்டு, சமூக சேவைக்காகக் கொடுக்கப்படும் ராபர்ட்டோ கிளமென்டே விருதும் வந்தது.

ஒரே மனிதர். ஒரே பத்து நாள்களில் இரண்டு முகங்கள். இரண்டும் நிஜம்.

வணக்கம் சொல்லியிருக்கலாம்

பாப் கிப்சன் 2020 அக்டோபர் 2 அன்று ஒமாஹாவில் காலமானார். வயது 84. அந்த 17 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து சரியாக 52 ஆண்டுகள் நிறைந்த நாள் அது. கிட்டப்பார்வைக்காரர் கண்ணைச் சுருக்கியதை முறைப்பு என்று நினைத்து அத்தனை பேர் அத்தனை காலம் பயந்தார்கள். பக்கத்தில் போய்ப் பேசிய சிலருக்கு மட்டும் உண்மை தெரிந்தது.

நம் வீடுகளிலும் இப்படி ஒருவர் இருப்பார். உர்ரென்று இருக்கும் அப்பா, சிரிக்கவே தெரியாத பெரியப்பா, அலுவலகத்தில் எல்லோரும் ஒதுங்கும் மேலதிகாரி. அந்த முகம் பிறவியிலேயே வந்ததாக நினைத்துவிடுகிறோம். வேலைக்காகப் போட்டுக்கொண்டதாக இருக்கலாம். பட்ட அவமானத்துக்குப் போட்ட கவசமாக இருக்கலாம். சில நேரம், வெறுமனே கண் சரியாகத் தெரியாததாகக்கூட இருக்கலாம்!

மார்க்கெட்டில் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நானும் ஒளிந்தவன்தான். என் வாத்தியார் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. இப்போது நினைத்தால், பக்கத்தில் போய் ஒரு வணக்கம் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

உங்கள் வாத்தியார் இன்னும் அதே மார்க்கெட்டுக்கு வருகிறார் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்களேன்!